தையலூசி

எழுபத்தைந்தாவது முறையாக விஜிலா தன் கணவனிடம் அவன் செத்துக்கொண்டிருப்பதைச் சொல்லி முடித்தாள்.

பெஸ்கி கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பவனின் முகம்தான் அவனுக்கு. முதலில் புருவம் சுருங்கும். பிறகு வலது கை தானாக இடுப்புக்குப் போய், சட்டைக்கு அடியில் சதை எடுக்கப்பட்ட பள்ளத்தைத் தடவிப் பார்க்கும். அப்புறம் சன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் இருப்பான். அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்பதுகூட அவளுக்குப் பழகிவிட்டது. நடுவில் குறுக்கிடக்கூடாது.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கோமதிநாயகமும் பேசமாட்டார். அவர் முன்னால் ஒரு தாள். அதில் நான்கே வரிகள்: என்ன நடந்தது, ஊசி என்ன செய்யும், ஊசி எதை எடுத்துக்கொள்ளும், போடாவிட்டால் என்ன ஆகும். இந்த நான்கையும் நோயாளி நம்பும் ஒருவர், வீட்டில் பேசும் பேச்சில் அவனுக்குச் சொல்ல வேண்டும். சொன்ன வரிக்கு எதிரே டாக்டர் கோடு கிழிப்பார். சுவரில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அங்கே வாங்கும் சம்மதம் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தான்.

"அப்ப ஊசி போட்டா உசிரோட இருப்பேன். ஆனா புதுசா எதுவும் மனசுல நிக்காது. காலைல கேட்டது மறுநாள் காலைல இருக்காது. அதான?" என்றான் பெஸ்கி.

"அதான்."

"பழசு?"

"பழசு அப்படியே இருக்கும். என்னத் தெரியும். ஒங்க அம்மையத் தெரியும். கடலத் தெரியும்."

"போடலேன்னா?"

"ரெண்டு வாரத்துல ஞாபகம் நிக்க ஆரம்பிச்சிரும். அதுக்கப்புறம் நாலு மாசம்ங்காவ."

அவன் சிரித்தான். "நாலு மாசத்த ஞாபகம் வச்சிக்கிட்டு நான் எங்க கொண்டு போவப் போறேன்? நீ இருக்கல்லா. ஒன்னத் தெரிஞ்சா போதும்."

இதுவும் வழக்கமாகச் சொல்வதுதான். அடுத்து 'போடுங்க சார்' என்பான். டாக்டர் நான்காவது கோட்டைக் கிழிப்பார். ஆனால் அன்று அவன் டாக்டரின் பக்கம் திரும்பவில்லை. விஜிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ விஜி."

"என்னங்க?"

"எங்கிட்ட எதையும் மறைக்கியா?"

எழுபத்துநான்கு முறை இந்தக் கேள்வி வந்ததில்லை. டாக்டரின் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது.

"இல்லங்க," என்றாள்.

"சரி. போடுங்க சார்."

*

பெஸ்கி சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். கடலில் சங்கு அற்றுப்போன பிறகு, மூச்சடக்கத் தெரிந்தவர்களுக்கு வேறு மாதிரியான தண்ணீரில் வேலை கிடைத்தது. வெளிமாநிலத்தில் ஆயுள் முடிந்த அணு உலை ஒன்றைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். எரிந்து தீர்ந்த எரிபொருளை அமிழ்த்தி வைத்திருந்த குளத்தில் இறங்கி, இரும்புச் சட்டங்களை அறுத்து மேலே அனுப்ப வேண்டும். குளம் கண்ணாடி போல இருக்கும், அடியில் ஒரு மீன் கிடையாது என்று போனில் சொல்லிச் சிரிப்பான். தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை, தண்ணீர்தான் காவல், அடியில் கிடப்பது எதையும் கையால் தொடக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும்.

ஆனால் தரையில் விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று வெளுப்பாகக் கிடந்தபோது, அவனுடைய கை பயிற்சியைக் கேட்கவில்லை. சங்கு குளிக்கிறவனின் கை அது. அடியில் கிடப்பதை எடுத்து இடுப்பு வலைப்பையில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தேடும். அப்பன் கை, பாட்டன் கை எல்லாம் அப்படிப் பழகிய கைகள். எடுத்ததும் போட்டதும் அவனுக்கே தெரியாது. ஏழு நிமிடம் கழித்து மேலே இருந்தவர்களின் கருவி அலறியது.

அந்த ஏழு நிமிடத்தில் உடம்பின் செல்களுக்குள் இருந்த இழைகள் கணக்கில்லாத இடங்களில் அறுந்துபோயின. அதைவிட மோசம், அறுந்ததைச் சரிசெய்யும் புரதங்களைச் செய்துகொள்ளத் தேவையான குறிப்பும் அதே இழைகளில்தான் இருந்தது. அதுவும் அறுந்துவிட்டது. சும்மா இருந்தாலே நாள்தோறும் எந்த உடம்பிலும் ஆயிரக்கணக்கில் பழுது விழும், அதை எல்லா உடம்பும் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டே இருக்கும், உன் வீட்டுக்காரர் உடம்புக்கு இனி அது முடியாது என்று டாக்டர் கோமதிநாயகம் அன்றைக்குச் சொன்னார்.

அப்போது அந்த மருந்து புதிது. ஆய்வகத்தில் அதற்கு வைத்திருந்த பெயர் எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருந்தது. வார்டில் படுத்திருந்தவர்களில் யாரோ தையலூசி என்றார்கள். பிறகு நர்ஸுகளும் அப்படியே சொன்னார்கள்.

மூன்றாவது மாதத்தில்தான் விஜிலா கேட்டாள். "காயத்தத் தைக்கிற ஊசி எப்படி டாக்டர் ஞாபகத்த எடுக்கும்?"

அவர் அவள் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றித் தரச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து நூல்கண்டை எடுத்தார்.

"இந்தப் புரதம் வளையல் மாதிரிம்மா. நூல் முழுசா இருந்தா வளையல் உள்ள ஏற வழியில்ல, பாத்தியா? அறுந்த முனை கிடைச்சாத்தான் ஏறும்." நூலை அறுத்து முனையில் வளையலைக் கோத்தார். "ஏறி உக்காந்த பிறகுதான் வேலை. நம்ம உடம்புல இதுக்குன்னு தனித்தனியா ஆளு உண்டு. அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒண்ணு, பிசிறு வெட்ட ஒண்ணு, விட்டுப்போனதை எழுதி நிரப்ப ஒண்ணு, கடைசியா முடிச்சுப் போட ஒண்ணு. ஒண்ணு வந்து, அது இன்னொண்ணைக் கூப்பிட்டு, மணிக்கணக்காகும். தையலூசில இந்த எல்லாக் கையும் ஒரே உடம்புல. ஒரு நிமிஷத்துல முடிச்சிரும்."

"அது நல்லதுதான?"

"நல்லதுதான். அதான் கஷ்டமே." நூல் முனைகளைச் சேர்த்துப் பிடித்தார். "ஒரு புது விஷயம் மனசுல பதியணும்னா மூளைச் செல்லு தன் இழையைத் தானே அங்கங்க அறுத்துக்கும். வேணும்னே. அந்த வாய் கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாத்தான் உள்ள எழுத்து விழும். அப்புறம் மெதுவா மூடிக்கும். இது அறுந்த மறு நிமிஷம் வந்து தச்சிருது. எது காயம், எது பதிவுன்னு அதுக்குத் தெரியல."

"மூளைக்கு மட்டும் போவாம தடுக்க முடியாதா?"

"பண்ணிட்டு இருக்காங்க."

ஆறு வருடங்களாகப் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

*

விபத்து நடந்த அன்று விஜிலா இரண்டு மாதம். பெஸ்கிக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோயிருந்தது. இரண்டாவது தடவை அவன் வேலைக்குப் போகாமல் எட்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அதனால் மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் வாயைத் திறக்காதே, அவனிடமும் சொல்லாதே என்று மாமியார் சொல்லியிருந்தாள். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே என்று விஜிலாவும் பேசாமல் இருந்தாள். அடுத்த மாதம் லீவில் வரும்போது நேரில் சொல்லலாம், அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசை வேறு. அந்த ஒரு மாதப் பொறுமைக்காக அவள் தன்னை மன்னித்ததே இல்லை. போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அது அவன் மனதில் பழசோடு பழசாகக் கிடந்திருக்கும். மகள் என்று ஒருத்தி வரப்போகிறாள் என்பதாவது தெரிந்திருக்கும். இப்போது அவனுடைய உலகத்தில் அவர்கள் பிள்ளையில்லாத தம்பதி.

ஜொவிட்டா பிறந்து நாற்பது நாள் ஆனபோது, அந்த மாதத்து ஊசிக்கு அவளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள் விஜிலா. பெஸ்கி பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டான். நான்கு வரிகளையும் கேட்டான். நெடுநேரம் சன்னலைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தான்.

"அந்த நாலு மாசமும் இவள எனக்கு ஞாபகம் இருக்குமா சார்?"

"இருக்கும்," என்றார் டாக்டர். "நேத்துச் சிரிச்சது இன்னிக்கு ஞாபகம் இருக்கும்."

"அப்ப ஊசி வேண்டாம்."

விஜிலா அழுதாள். காலைப் பிடித்தாள். அவன் அசையவில்லை. "நான் உசிரோட இருந்து தினமும் இவள யாருன்னு கேக்கணுமா? நாலு மாசம் இவ அப்பனா இருந்துட்டுப் போறேன், விடு." கேமராவில் பதிவானது.

மறுத்தவரிடம் ஒரு நாள் கழித்து மறுபடி கேட்கலாம் என்று விதியில் இருந்தது. மனம் மாறுகிறவர்களுக்காக வைத்த விதி. மறுநாள் விஜிலா பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். பெஸ்கிக்கு முந்தின நாள் இல்லை. நான்கு வரிகளையும் சொன்னாள். தாளில் பிள்ளையைப் பற்றி வரி கிடையாது.

"போடுங்க சார்," என்றான்.

பிள்ளைக்கு இரண்டு வயதானபோது, மனம் கேட்காமல், இன்னொரு முறை அழைத்துப்போய்ப் பார்த்தாள். அதே பதில். ஒரு சொல்கூட மாறவில்லை. மறுநாள் மறுபடி தனியாகப் போனாள். அதன்பிறகு பரீட்சை பார்க்கவில்லை. மாதத்தில் அந்த ஒரு நாள், விடிகிற நேரத்தில் சிகிச்சை மையத்தின் வேன் வந்து பெஸ்கியை ரத்தப் பரிசோதனைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும்; இரவு அங்கேயே தங்கவைத்து மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஜொவிட்டா அப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு விஜிலா பின்னால் போவாள். கேட்டதற்குச் சொன்னோம், கேட்காததைச் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். அப்படித்தான் எழுபத்துநான்கு வரை ஓடியது.

*

மற்ற நாட்களில் பெஸ்கியை எழுப்புவது ஜொவிட்டாவின் வேலை. நான்கு வயதில் அவளாகவே எடுத்துக்கொண்டது. அம்மா சொன்னால் அப்பா அழுகிறார், நான் சொன்னால் சிரிக்கிறார் என்று காரணம் சொன்னாள்.

"அப்பா. பயப்படாதீங்க. நான் ஜொவிட்டா. ஒங்க மவ. அஞ்சே முக்கால் வயசு."

பெஸ்கி எழுந்து உட்கார்ந்து அவளையும் கதவருகே நிற்கும் மனைவியையும் மாறி மாறிப் பார்ப்பான்.

"எனக்கு ஏது மவ? கள்ளி, யாரு அனுப்புனா ஒன்ன?"

"கால நீட்டுங்க."

அவன் நீட்டுவான். அவள் தன் காலைப் பக்கத்தில் வைப்பாள். இரண்டு பேருக்கும் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அந்த வீட்டில் யாரும் எதுவும் செய்ய முடியாது. அவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான், முடியை முகர்வான், ஒவ்வொரு பல்லாக எண்ணுவான், விழுந்த பல்லைக் கேட்பான். தினமும் புதிதாக அப்பாவானான். ஜொவிட்டாவுக்கு மட்டும் அது புதிதில்லை. எந்த இடத்தில் அவன் கண் கலங்கும், எந்த இடத்தில் எச்சில் படிய முத்துவான் என்று அவளுக்குத் தெரியும். பள்ளி வேனுக்கு நேரமானால் முன்னதாகவே கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

சாயங்காலம் வந்ததும் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி. அவனுக்குத் தெரிந்ததில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுதான் இருந்தது. "மூச்ச நெஞ்சுல இழுக்காத, வயித்துல இழு. கண்ண மூடக்கூடாது. பயந்தா தண்ணிக்குத் தெரிஞ்சிரும்." அவள் முகத்தை முக்குவாள். பத்து எண்ணுவதற்குள் திணறி எழுந்து இருமுவாள். "பரவால்ல மக்ளே, மொத நாளுல்லா," என்று அவன் முதுகைத் தட்டுவான்.

ஒருநாள் விஜிலா கேட்டாள். "ஏட்டி, நீ தனியா முக்கும்போது அம்பதுவரைக்கும் எண்ணுத. அப்பா முன்னால மட்டும் என்ன?"

"அவருக்குச் சொல்லிக்குடுக்கப் பிடிச்சிருக்கும்மா," என்றாள் ஜொவிட்டா. "எனக்குத் தெரியும்னா அப்புறம் என்ன சொல்லிக்குடுப்பாரு?"

விஜிலா அதன்பின் கேட்கவில்லை. அந்த வீட்டில் இப்படி முடிந்துபோன பேச்சுகள் நிறைய இருந்தன.

*

'இல்லங்க' என்ற அந்தச் சொல் அந்த மாதம் முழுக்க அவளுடைய காதில் நின்றது. சோறு வடிக்கும்போது நின்றது. கோயிலில் முழங்காலிட்டபோது நின்றது. பெஸ்கிக்கு அது மறுநாளே இல்லாமல் போய்விட்டது. இப்போது அதைச் சுமக்க இவள் ஒருத்திதான் மிச்சம். அவன் ஒன்றை நன்றாக யோசித்து வேண்டாம் என்றான். இரண்டு முறை சொன்னான். அந்த மனிதனை இவள் மாதாமாதம் தூங்கவைத்து, அவன் சொன்னதை மறக்கவைத்து, வேறொருவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எழுபத்தாறாவது ஊசி ஆகஸ்டு கடைசியில் வந்தது. விடியும்போது வேன் பெஸ்கியை ஏற்றிக்கொண்டு போனது. விஜிலா ஜொவிட்டாவை எழுப்பிக் குளிக்கவைத்து, பள்ளிச் சீருடைக்குப் பதில் பிறந்தநாள் சட்டையைப் போட்டுவிட்டாள்.

"எங்கம்மா போறோம்?"

"அப்பாவுக்கு ஊசி போடுத இடத்துக்கு."

"நான் வரக்கூடாதுன்னு சொல்லுவிய?"

"இன்னிக்கு வரலாம்."

டாக்டர் கோமதிநாயகம் தாழ்வாரத்தில் அவர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஆறு வருடத்தில் அவருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. ஜொவிட்டாவைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு விஜிலா அவர் பக்கத்தில் போனாள். இரண்டடி தூரம்தான்.

"எதுக்கும்மா கூட்டிட்டு வந்த?" என்றார் தணிந்த குரலில்.

"சொல்லிரப் போறேன் டாக்டர்."

"சொன்னா என்ன சொல்வாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அவரு வேண்டாம்னு சொன்னத நாம ரெண்டு பேரும் சேந்து இத்தன வருசம் அழிச்சிட்டே இருக்கோம்."

"விதிப்படி நாம எந்தத் தப்பும்..."

"நான் விதியக் கேக்கல டாக்டர். போன மாசம் அவரு எங்கிட்டக் கேட்டாரு. நீங்களும் இருந்திய. நான் இல்லேன்னேன். நீங்களும் ஒண்ணும் சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"சொன்னா ஊசி வேண்டாம்பாரு. அப்புறம் நாலு மாசம்தான். இப்ப இருக்கிற நிலைமைல அதுக்கு மேல நான் ஒரு நாளும் வாக்குக் குடுக்க முடியாது. நாளைக்கு மறுபடி தனியா வருவியா, அதுவும் வரமாட்டியா?"

"வரமாட்டேன். ஞாபகம் திரும்புத வரைக்கும் தினமும் காலைல அவரு சொன்னத அவருக்கே சொல்லுவேன்."

"நல்லா யோசிச்சியா?"

"அந்த நாலு மாசமாவது எம்மவளுக்கு அப்பா இருப்பாருல்லா. நேத்துச் சொன்ன கதைக்கு இன்னிக்கு மீதியச் சொல்லுவாரு."

பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"நாலு மாசம்னா கிறிஸ்மஸ் வரைக்குமாம்மா?"

இரண்டு பேரும் திரும்பினார்கள். ஜொவிட்டா கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமா மக்ளே," என்றாள் விஜிலா. "கிறிஸ்மஸ் வரைக்கும்."

"அப்புறம்?"

ஜொவிட்டாவின் கால்கள் ஆடுவது நின்றது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. உள்ளே வரலாம் என்று நர்ஸ் கூப்பிட்டபோது, தானாகவே பெஞ்சிலிருந்து இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

*

பெஸ்கி நாற்காலியில் உட்கார்ந்து, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். விபத்து நடந்ததென்று மட்டும் காலையில் விஜிலா சொல்லி அனுப்பியிருந்தாள். அவளைக் கண்டதும் முகம் தெளிந்தது. டாக்டர் தன் இடத்தில் உட்கார்ந்து தாளை எடுத்துவைத்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

விஜிலா உட்காரவில்லை. மாதம் முழுக்க அவள் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்தாள். இது நம்ம மவ, ஒங்களுக்குத் தெரியாமப் பொறந்தவ. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான்கு வரியும் அப்புறம்.

அதற்குள் பெஸ்கி கேட்டுவிட்டான். "இது யாரு? யாரு வீட்டுப் பிள்ள?"

விஜிலா வாயைத் திறந்தாள்.

"நான் டாக்டரு மவ," என்றாள் ஜொவிட்டா.

விஜிலாவின் கை பிள்ளையின் தோளில்தான் இருந்தது. அந்தத் தோள் கல்போல இறுகியிருந்தது. ஜொவிட்டா அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்படியா?" பெஸ்கி டாக்டரின் பக்கம் திரும்பினான். "ஒங்க பிள்ளையா சார்?"

டாக்டர் விஜிலாவைப் பார்த்தார். அவர் இத்தனை வருடத்தில் அவளிடம் எதையும் கெஞ்சியதில்லை, அறிவுரை சொன்னதும் குறைவு. இப்போதும் சொல்லவில்லை. நீ சொல்வதுதான் என்பதுபோல் காத்திருந்தார். வாக்கியம் விஜிலாவின் நாக்கில் இருந்தது. ஒரு வார்த்தையை ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். தோளின் மேல் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். அவற்றுக்குக் கீழே பிள்ளை மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

நேரம் போனது.

"ஆமா," என்றார் டாக்டர் கடைசியில். "பள்ளிக்கூடம் லீவு. கூடவே வந்துட்டா."

"வா மக்ளே, இங்க வா. பேரு என்ன?"

ஜொவிட்டா இரண்டடி முன்னால் போனாள். டாக்டரின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை ஓரக்கண்ணால் எழுத்துக் கூட்டினாள். முழுதும் படிக்க நேரமில்லை.

"கோமதி."

"அடேயப்பா. அப்பா பேர்ல பாதிய வாங்கி வச்சிருக்க." பெஸ்கி சிரித்தான். "எங்களுக்கு இன்னும் பிள்ள இல்ல. கர்த்தர் தருவாரு. இல்ல விஜி? நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்க, உக்காரு. என்னமோ சொல்லணும்னு இருந்தியே?"

விஜிலா உட்கார்ந்தாள். புடவை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, என்ன நடந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். குளம், வெளுப்பாகக் கிடந்தது, இடுப்புப் பை, ஏழு நிமிடம். அவன் புருவம் சுருங்கியது. கை இடுப்புக்குப் போனது. டாக்டர் ஒரு கோடு கிழித்தார். பிறகு இன்னொன்று. சன்னலைப் பார்த்திருந்த அந்த நீண்ட நேரத்தில் ஜொவிட்டா மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்திருந்தாள்.

"நீ இருக்கல்லா," என்றான் பெஸ்கி. "போடுங்க சார்."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். பெஸ்கி சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருபது ஆள் ஆழம் பயமில்லாமல் இறங்குகிறவனுக்கு ஊசி என்றால் ஆகாது. அது விஜிலாவுக்குத் தெரியும். ஜொவிட்டாவுக்குத் தெரியாது, அவள் இந்த அறைக்குள் வந்ததே இல்லை. ஆனாலும் அவன் தாடை இறுகியதைக் கண்டதும் கிட்டே போய், மேசைமேல் இருந்த அவனுடைய இன்னொரு கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"பயப்படாதீங்க அங்கிள். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

ஊசி இறங்கி வெளியே வந்தது. பெஸ்கி கண்ணைத் திறந்து, தன் கைமேல் இருந்த சின்னக் கையைப் பார்த்தான். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விஜிலாவைப் பார்த்துச் சொன்னான்.

"இந்தப் பிள்ளையப் பெத்தவ குடுத்து வச்சவ."

"ஆமாங்க," என்றாள் விஜிலா.